பிலோமினா அக்காவின் மூன்றுசில்லு வண்டி

சைக்கிள் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும், பாரமான சாமான்தான் பலமான சாமான் என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் அநியாயம் நடந்தது பிலோமினா அக்காவுக்கு. ஒரு காலை இழந்த அவா கையால் பெடலைச் சுற்றி ஓட்டுவதற்கென்று, அவாவால் அசைக்கவே முடியாத மூன்று சக்கர வண்டியொன்றைச் செய்து கொடுத்தோம். நான் படிக்கிற கம்பஸ் எப்போது திறக்கும் என்று தெரியாமல், மாங்குளத்தில் பெரியப்பாவின் கடையில் நான் நின்ற காலம் அது.

இரண்டு மூட்டைச் சோதனை

எங்கள் கடையில் எதைச் செய்தாலும் இரண்டு மூட்டை நெல் ஏற்றிப் பார்த்துத்தான் கொடுப்போம். தண்ணீர்க் குழாய் இரும்பில் செய்த அந்த வண்டியும் தாங்கியது. ஓட்டப்போகிற ஆளை ஏற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா ஏறி, கைப்பெடலை முழுப்பலத்தோடு சுற்றினா. சில்லு அரை அடி நகர்ந்து நின்றுவிட்டது. தனியாகச் சந்தைக்குப் போய்க் கருவாடு விற்கத்தானே அவா வண்டி கேட்டவா என்று நான் சண்டை பிடித்தேன். பெரியப்பா கையைத் துடைத்தபடி கேட்டார்: "தள்ளிவிட ஆளோ இல்லை, பிள்ளை?"

ஆணி ஆகாது

பாரமில்லாத அலுமினியம், யுத்தத் தடையால் வவுனியா தாண்டி எங்கள் பக்கம் வராது. பழைய சைக்கிள்களின் பிறேம் குழாயைப் புது வண்டியின் முன்பக்கத்துக்கு எடுத்தேன். உள்ளே வெறுமை, ஆனால் வளையாது. பின்பக்கத்துக்கு மூங்கில் என்றதும் கடையே சிரித்தது. பிடிவாதத்தில் நானே ஆணி அடித்தேன். மூங்கில் நீளத்துக்குப் பிளந்தது. படித்த பௌதிகம் அதோடு சரி. மலையகத்திலிருந்து வந்து இங்கே தோட்டம் செய்கிற முத்தையா, ரியூப் ஒட்ட வந்தவர், பிளவைத் தடவிப் பார்த்தார். "மூங்கி பலமாத்தாங்க இருக்கு. ஆணிதான் ஆகாது, வரிஞ்சு கட்டுங்க."

வலை இருக்கை

பழைய ரியூபைக் கீலம் கீலமாக வெட்டி வரிந்து கட்டினோம். பலகை இருக்கை வேண்டாம், அதுவும் பாரம் என்றேன். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்த அக்கா எங்கள் வாதத்துக்குக் காத்திருக்காமல், நைலோன் வலையை நாலாக மடித்துத் தானே இழுத்துப் பின்னினா. அறுந்தால் என்ன செய்வாய் என்று பெரியப்பா கேட்டார். அவா நிமிரவில்லை. "சுறா அறுக்காத வலை அண்ணை, என்னையோ விழுத்தப்போகுது?"

சந்தை நாள்

வழக்கம்போல மூட்டைகள் வந்தன. முதலாவதைத் தாங்கிய மூங்கில், இரண்டாவதுக்கு முனகியது. சரிவராது என்று பெரியப்பா தலையாட்டினார். அக்கா இரண்டையும் இறக்கச் சொல்லிவிட்டு, கருவாட்டுப் பெட்டியோடு ஏறிச் சுற்றினா. வண்டி றோட்டுக்கு ஏறிவிட்டது. முதல் பயணம் என்பதால் துணைக்குப் பின்னால் தானும் ஏறுவதாகச் சொல்லிக்கொண்டு பெரியப்பா ஓடினார். இரும்பா மூங்கிலா என்று நாங்கள் ஒரு மாதம் வாதாடியதற்கெல்லாம் கிடைத்த தீர்ப்பு, அவா திரும்பியும் பாராமல் சொன்ன இதுதான்: "இது ரண்டு மூட்டை தாங்காது அண்ணை, நீங்கள் நடந்து வாங்கோ."