படத்துக்குப் பிறகு நாடகம்

எங்கள் குடும்பம் நான்கு பேராக வெளியே கிளம்பிப் போனது ஒரே ஒரு தடவைதான். அதற்காக இரண்டு நாள் அழுது அடம்பிடித்தவள் நான்.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் வாங்க நாதியில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. தோட்டம் தோட்டமாக ஆண்களைப் பிடித்துச் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் போதும், அப்பாவும் பதினாறு வயது அண்ணனும் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள்.

அப்படி ஒளிந்து திரிந்த மனிதர் எதற்கு டவுனுக்குப் போனார் என்று கேட்பீர்கள். அப்பா நாடகப் பைத்தியம். தோட்டத்து நாடகங்களில் பெண் வேஷம் அவருக்குத்தான். குரலைத் தூக்கி ஒப்பாரி வைத்தாரென்றால் லயத்து வரிசை வீடுகளே மூக்கைச் சிந்தும். எனக்கோ மானம் போகும். "பொம்பள அப்பா" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் ஒரு நாளும் அவருக்குக் கைதட்டியதில்லை. ஜப்பான்காரன் சண்டை வந்ததிலிருந்து நாடகப் பெட்டி திறக்காமலே கிடந்தது.

அப்போதுதான் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி லயத்துக்கு வந்து சொன்னார். "சுங்கைப்பட்டாணி டவுன் கொட்டகையில ஓசிப் படம்லா. பகல் ஆட்டம். படத்துக்குப் பிறகு நாடகம். பொண்டு புள்ளைங்களோட வந்தா சோறும் உண்டு."

அப்பாவுக்கு நாடகம், எனக்குச் சோறு. அம்மா மட்டும் வேண்டாம் என்றாள்.

"ஓசியில சோறு போட்டுப் படமும் காட்ட ஜப்பான்காரன் என்ன நமக்கு மாமனா மச்சானா?"

"புடிக்கிறவன் குடும்பத்தோடயா கூப்புடுவான் புள்ள?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வெளியே கட்ட நல்ல சேலை இல்லை. கிழிந்த சாரோங் கைலிதான். அப்பா பெட்டியைத் திறந்து, தான் வேஷத்துக்குக் கட்டும் பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். சாரோங்கின் மேலேயே அதைச் சுற்றிக்கொண்டாள். விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தோம். வழியெல்லாம் அப்பா எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார்.

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு தட்டி. படம் பாதி ஓடியிருக்கும். அம்மா பலகை இடுக்கு வழியாக வெளியே பார்த்தாள். லாரிகள் வரிசையாக நின்றன. துப்பாக்கியோடு சிப்பாய்கள் வாசலை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கத்தவில்லை. இருட்டிலேயே சேலையை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் திணித்தாள். "ஓடு. அப்பாவக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வரச் சொல்லு. பொம்பளைங்கள விட்டுருவானுங்க."

தட்டிக்கு அடியில் புகுந்து போய்ச் சொன்னேன். அப்பா சேலையை வாங்கி ஒரு நிமிஷம் மடியில் வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த அண்ணனைக் குனியச் சொல்லி அவனுக்குச் சுற்ற ஆரம்பித்தார். அவர் கை பழகிய கை. கொசுவம் ஒரு நொடியில் விழுந்தது. அண்ணன் தேம்பினான்.

"நீங்கப்பா?"

"எனக்குச் சேல வேணாம். முக்காட்ட இறக்கிக்க. சின்ன அடியா வச்சி நட." என் பக்கம் திரும்பினார். "அண்ணன் கைய விடாத தாயி. என்ன கேட்டாலும் திரும்பிப் பாக்காத."

நாங்கள் அம்மாவிடம் வந்து சேர்ந்ததும் விளக்கு எரிந்தது. பெண்களும் பிள்ளைகளும் வெளியே போகலாம் என்றார்கள். ஒரே அழுகை. அண்ணனுக்குச் சின்ன அடி வைக்க வரவில்லை. பயத்தில் வழக்கம்போல் எட்டி எட்டி நடந்தான். வாசலில் நின்ற சிப்பாய் அவன் காலையே பார்த்தான். முக்காட்டைத் தூக்கக் கையை நீட்டினான்.

அந்த நேரம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் ஒப்பாரி வைத்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை. எனக்குத் தெரிந்த குரல். சிப்பாய் கையை இறக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். மீசை வைத்த ஆள் பெண்ணாய் அழுவதைக் கண்டு சிரித்துவிட்டான். மற்றவர்களும் அங்கே கூடினார்கள். அம்மா அண்ணனை வெளியே தள்ளினாள்.

ரோட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் கேட்டது. பிறகு சிப்பாய்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு லாரிகள் கிளம்பின.

தோட்டம் வரும்வரை அண்ணன் சேலையை அவிழ்க்கவில்லை. அம்மா கிழிந்த சாரோங்கோடு முன்னால் நடந்தாள். சோறு போடவே இல்லை என்பது எனக்கு வழியில்தான் நினைவுக்கு வந்தது; அதை நினைத்த என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பா திரும்பவில்லை. அவர் வேஷம் கட்டாமல் நடித்தது அன்று மட்டும்தான். நான் அதைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தார்.