துவைக்கக் கூடாத துணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் அக்கா அடிக்கடி சொல்வாள். நிற்கட்டும். அவள் வீட்டில் ஒரு முழு நாள் இருந்து பார்க்கிற யாருக்கும் அது மூக்கு நுனியோடு நிற்காது.

அந்த வீட்டில் நான்கு பேர். அத்தான் ஒரு கம்பெனியில் மேனேஜர். மூத்தவள் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் மகாராணி. சின்னவன் பள்ளிக்கூடம், அவன் பெயர் புயல். நாலாவது ஆள் அக்கா. மூன்று பேர் போட்டுவிட்டுப் போவதை எடுப்பதற்கென்றே பிறந்தவள். அத்தானின் ஈரத்துண்டு கட்டில்மேல்தான் கிடக்கும், அதுவும் அக்கா படுக்கிற பக்கத்தில். மகாராணி தலைவாரினால் உதிர்ந்த முடி சுருண்டு வாஷ்பேசின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். புயலின் சாக்ஸில் ஒன்று சோபா இடுக்கில், இன்னொன்று ஆண்டவனுக்கே வெளிச்சம். அக்கா முட்டிபோட்டுக் கூடத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். பின்னாலேயே ஒருவர் செருப்புக் காலோடு நடந்து போவார். கேட்டால், "ஈரம்னு தெரியல" என்பார். பக்கத்தில் வாளியோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதாவது தெரிய வேண்டாமா?

"நீ ஏன் எடுக்கறே? கிடந்து நாறட்டும்னு விடு" என்று நான் கத்துவேன். ஒரு வாரம் விட்டும் பார்த்தாளாம். நாறியதாம். ஆனால் அவள் ஒருத்தி மூக்குக்கு மட்டும்தான் நாறியதாம். வேறு வழியில்லாமல் அவளே எடுத்துப் போட்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் அக்காவுக்கென்று ஒரு வேலை இருந்தது. பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பாள். கூடத்து மூலையில் ஒரு தையல் மிஷின், அதன் தலைக்கு மேல் ஒரு பலகை. அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். முதலில் வீட்டுக்கு மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேல் மாடி டீச்சர் ஒரு பையோடு வந்தார். டீச்சரின் அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பைக்குள் அந்த அம்மாவின் நைட்டிகளும் தலையணை உறைகளும் இருந்தன.

"அம்மா கடைசியா போட்டிருந்ததும்மா. துவைக்காமதான் வெச்சிருக்கேன். இன்னும் அவங்க வாசனை இருக்கு. துவைக்காமலே தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

அக்கா சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து துவைத்து, துடைத்து, தேய்த்துக்கொண்டே இருந்தவளிடம் துவைக்க வேண்டாம் என்று ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் நடையே மாறிவிட்டது. அந்தத் துணியைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்வாள். அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தால் பையைத் திறக்கவே மாட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறாள்: "பலகை மேல இருக்கற பையை யாரும் தொடாதீங்க. டீச்சரோட அம்மா துணி. தண்ணியே படக்கூடாது." அத்தான் போனைப் பார்த்துக்கொண்டே "உம்" என்றாராம். மகாராணி காதில் பாட்டோடு தலையாட்டினாளாம். புயல் இன்னொரு முட்டை கேட்டானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தானின் மேலதிகாரி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அதே நாள் காலையில்தான் அக்கா சதுரங்களை எல்லாம் வெட்டி முடித்துப் பைக்குள் அடுக்கியிருந்தாள். நூல் போதவில்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். கடையில் நிற்கும்போது அத்தானிடமிருந்து போன். "நீ மெதுவா வா. இன்னிக்கு வீட்டை நாங்க பாத்துக்கறோம்." அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா? நீதான் எப்பப் பாரு அவரைக் கரிச்சுக் கொட்டறே" என்றாள்.

திரும்பி வந்தோம். வீடு பளிச்சென்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பினாயில் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. மூன்று பேரும் பரிசு வாங்க நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் அத்தான்.

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பாதிக் கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வாளியில், அழுக்குத் தண்ணீரில், நீலப்பூப் போட்ட ஒரு சதுரத் துணி மிதந்துகொண்டிருந்தது. அவள் சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடையில் எண்ணெயில் ஊறி நான்கைந்து. நாற்காலிமேல் சில, மின்விசிறித் தூசி அப்பிக் கறுத்துப்போய்க் கிடந்தன. ஒன்று புயலின் ஷூவுக்குள் பாலிஷோடு திணிக்கப்பட்டிருந்தது.

"இதெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"பலகை மேல ஒரு பை நிறைய வேஸ்ட் துணி இருந்துதே. துடைக்கறதுக்குன்னு நீயே அளவா வெட்டி வெச்சிருந்தே" என்றார் அத்தான். பெருமையாக வேறு சொன்னார்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே. சாப்பிடும்போது சொன்னேனே."

"எப்பம்மா சொன்னே?" என்றாள் மகாராணி. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, வீடு துடைக்கற துணின்னு தனியா ஒண்ணு இருக்குமே, அதை எடுக்கறதுக்கு என்ன?"

"அது எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும் சித்தி?"

அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் சொல்கிறாள். அத்தான் அக்காவின் தோளைத் தட்டினார். "சரி விடு, நல்லா துவைச்சுக் குடுத்துட்டா போச்சு." ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

"வாளியை எடுங்க" என்றாள் அக்கா. "டீச்சர்கிட்ட போறோம். நீங்கதான் சொல்லணும்."

"நானா? எங்க ஆபீசர் வர்ற நேரமாச்சு..."

"எடுங்க."

அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. சிதறிக் கிடந்ததை எல்லாம் பொறுக்கி வாளியில் போட்டாள். பையில் மிச்சம் இருந்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அத்தான் வாளியோடு மாடிப்படி ஏறினார். நான் பின்னால் போனேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ளயா தைச்சுட்டீங்க?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு டீச்சர். பசங்க தெரியாம..." என்று ஆரம்பித்தார். பசங்களாம்! மின்விசிறியைத் துடைத்தது யார் கை?

டீச்சர் குனிந்து நீலப்பூத் துணியை எடுத்துப் பிழிந்தார். மூக்கருகில் கொண்டுபோனார். கீழே போட்டுவிட்டு அக்கா கையிலிருந்த பையை வாங்கி, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதுதான் கடைசி நம்பிக்கை. வெகுநேரம் கழித்து டீச்சர் நிமிர்ந்தார்.

"இதுலயும் பினாயில்தான் வருது" என்றார்.

பினாயில் ஈரக்கையைப் பைக்குள் விட்டுத்தானே ஒவ்வொன்றாக உருவியிருக்கிறார்கள்.

டீச்சர் அத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். "உங்களை நம்பித்தானேம்மா குடுத்தேன். எங்கயாவது பூட்டி வெச்சிருக்கக் கூடாதா?"

அத்தான் அதற்கு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த வாளியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதான் டீச்சர்" என்றாள்.

டீச்சர் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கீழே இறங்கினோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, டீச்சர் பெருசா ஒண்ணும் சொல்லல."

அக்கா நின்றாள். அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சொன்னாங்க. எல்லாத்தையும் என்கிட்ட சொன்னாங்க."

அவருக்குப் புரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா உள்ளே போகவில்லை. மிச்சப் படிகளையும் இறங்கி, என்னோடு தெருவுக்கு வந்தாள்.