செத்தவன் திரும்பி வராத கதை

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"செத்தவன் திரும்பி வராத கதையா இருந்தா குடு. இல்லாட்டி வேணாம்."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வாடகைப் புத்தகக் கடையில்தான் நாங்கள் சிநேகமானோம். மாயக்கதைப் பைத்தியங்கள் இருவர். பறக்கும் மலை, பேசும் வாள், கண்ணாடிக்குள்ளிருந்து கைநீட்டும் ராணி என்று கிடைத்ததையெல்லாம் தின்றோம். வெளிநாட்டுப் படம் தமிழ்க் குரலில் வந்தால் முதல் நாளே போய் நிற்போம். பார்த்தவன் பார்க்காதவனிடம் முடிவைச் சொல்லக்கூடாது. அது எங்களுக்குள் சட்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் தம்பி இறந்துபோனான். ஹைவேயில், பட்டப்பகலில், லாரி மோதி. அதன்பின் மாதக்கணக்கில் அவன் ஒரு புத்தகத்தையும் புரட்டவில்லை. எதிரில் பார்த்தால் "என்னடா" என்பான், நகர்ந்துவிடுவான். அப்படி இருந்தவன் தானாகவே தேடிவந்து அதைக் கேட்டான்.

வீட்டுக்கு வந்து என் அலமாரியின் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது, எல்லாரும் திரும்பி வருகிறார்கள். மூலிகையால் வருகிறார்கள், மந்திரத்தால் வருகிறார்கள், காதலியின் ஒரு சொட்டுக் கண்ணீரால் எழுந்து உட்காருகிறார்கள். நான் கொண்டாடிய அத்தனை கதைகளும் ஒரே பொய்க்கு விதவிதமாய்ச் சட்டை தைத்துப் போட்டிருந்தன. எனக்கோ அந்தப் பொய் இன்னும் பிடித்திருந்தது. அவனுக்குக் கொடுக்கத்தான் கை வரவில்லை. தப்பான ஒன்றைக் கொடுத்துவிட்டால் இனி கேட்கவே மாட்டான் என்று பயம்.

அந்த நேரத்தில்தான் பெரம்பலூருக்கு ஒரு படம் வந்தது. பனிமலையைக் கடக்கும் இரண்டு குதிரைவீரர்கள். பாலம் உடைந்து ஒருவன் பள்ளத்தில் விழுந்து சாகிறான். மற்றவன் விளிம்பில் நின்று அழுகிறான், அழுதுகொண்டே இருக்கிறான். திரை வெளுத்தது. கதவைத் திறந்துவிட்டார்கள். சனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியது. நான் நாற்காலியிலேயே இருந்தேன். என்ன தைரியம், என்ன முடிவு!

மறுவாரம் படம் அரியலூருக்குப் போயிற்று. ஞாயிறு பகல் காட்சிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் வரிசையில் எங்கள் சட்டத்தையும் மீறினேன்.

"வரமாட்டான்டா. கடைசி வரைக்கும் வரமாட்டான்."

"சத்தியமா?"

"சத்தியமா, மாப்ள."

பாலம் உடைந்தது. விளிம்பில் நின்றவன் அழுதான். திரை வெளுக்கவில்லை. கண்ணீர் பள்ளத்தில் விழுந்தது, பனி விலகியது, அடியிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பியது. செத்தவன் சிரித்துக்கொண்டே மேலே வந்தான். தியேட்டரே விசிலடித்தது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும் துணிச்சல் இல்லை.

வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தான். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதியில் அவன் முதுகை மட்டும் பார்த்தபடி பின்னால் போனேன். சிபாரிசு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவன் நம்மை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறான், நாம்தான் வழி சொல்கிறோம்.

பஸ் கிளம்பிய பிறகு மெல்லச் சொன்னேன். "அன்னிக்கு நான் பாத்தப்ப அவன் வரவே இல்லடா."

"எந்த ஆட்டம் பாத்த?"

"முதல் ஆட்டம். விடும்போது ராத்திரி ஒம்பதரை."

என் பக்கம் திரும்பினான். "கூமுட்ட. கடைசி பஸ்ஸு போயிருமேன்னு சனம் கத்தும்ல, அதுக்காவ நம்மூரு ஆப்பரேட்டரு கடைசி ரீல ஓட்டாமலே முடிச்சிட்டான்டா. நீ அதப் போயி..." சொல்லும்போதே சிரித்துவிட்டான். தம்பி போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. "பெரிய டைரக்டருன்னா அந்த ஆப்பரேட்டருதான். மால போடு போ."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆனா ஆப்பரேட்டரு வெச்ச முடிவும் தப்புதான்," என்றான். "அழுதுட்டு அங்கனயே நின்னுட முடியுமா? வூட்டுக்குப் போவணும்ல. செத்தவனோட குதிரயும் கூடவே வரும். அத எங்க கட்டறது? யாரு கொள்ளு வெக்கிறது? அம்மா அந்தப் பக்கமே போவாது. அப்பா வித்துடலாம்பாரு."

"அவன் என்ன பண்ணுவான்?"

"யாரு, அண்ணனா? காலையில எந்திரிச்சதும் போயி அதத் தொட்டுப் பாப்பான். அவ்ளோதான்."

படத்தில் அவர்கள் அண்ணன் தம்பி இல்லை. நான் திருத்தவில்லை.

"விக்க விட்டுருவானா?"

"தெரியல. இரு, யோசிக்கிறேன்."

யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டே வந்தான். குதிரைக்குக் காலில் ஒரு காயம் வந்தது, ஆறியது. விலைபேச ஒருவன் வந்து திண்டாடிப் போனான். பெரம்பலூர் வந்து பஸ் நின்றபோதும் அந்தக் குதிரை விற்கப்படவில்லை.