சந்தனம் மட்டும் போதும்

போன கிழமை ஒரு போன் வந்தது. வாவியின் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் இரண்டுக்குப் படிப்பிக்கும் இளம் ரீச்சர் பேசினார். நியமனம் கிடைத்து ஒரு வருடம்தானாம். பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவராம்.

முறைப்பாடு நீளமாக இருந்தது. பெற்றாரை வகுப்பறைக்கு அழைத்திருக்கிறார். பலூன் கட்டினார், கலர் சோக்கால் ‘நல்வரவு’ எழுதினார், குடிக்க ஒரு வாளி நிறைய நெல்லிரசம் கரைத்து வைத்தார். வந்தது நாலு பேர். அதிலும் ஒருவர், நுளம்பு வலை கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்தவர்!

“கலகலப்பா என்னத்தையும் செய்தாத்தான் வருவாங்க போல சேர். உங்களிட்ட ஐடியா இருக்கும்தானே?”

இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் சின்னப் பிள்ளைகளோடு கிடந்தவன் நான். கடைசிப் பன்னிரண்டு வருடம் அதிபர். ஐடியாவுக்கு என்ன பஞ்சம்?

உண்மையில் அந்த ஐடியாக்களை எனக்குத் தந்தது சுனாமிதான்.

கடல் வந்து போன அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறந்தோம். கட்டடம் இல்லை. தகரக் கொட்டில், மண் தரை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார் திரும்பிப் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றார்கள். தண்ணீர் வந்தால் பிள்ளையைத் தூக்க வேண்டுமே... இரண்டு நாள் “வீட்ட போங்கம்மா” என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. போவதற்கு வீடு இருந்தால் அல்லவா போவார்கள்?

“உள்ளுக்கு வாங்க” என்றேன். அப்படித்தான் தொடங்கியது.

யாரோ அனுப்பிய குட்டி பிளாஸ்டிக் கதிரைகளில் பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர்களையும் உட்கார வைத்தோம். லொறிக்கு மூடை ஏற்றுகிற தகப்பன் ஒருவர் எழும்பினார் – கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது. கடலுக்குப் பிறகு அந்தக் கொட்டிலில் பிள்ளைகள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

இடாப்பில் பிள்ளைகளின் பெயர் கூப்பிடும்போது வந்திருக்கிற பெரியவரின் பெயரையும் கூப்பிட்டோம். எழுந்து நின்று “வந்திருக்கன் சேர்” என்று சொல்ல வேண்டும். பிந்தி வந்தால் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு தாய், கறி கொதிக்கவில்லை என்றார். வகுப்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு பாட்டுப் பாட வைத்துத்தான் விட்டது.

பிறகு படம். அம்மாவையோ அப்பாவையோ பிள்ளை வரைய வேண்டும், பெயர் எழுதக் கூடாது. பெற்றார் வந்து தங்கள் முகத்தைத் தாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். “என்ர மூக்கு இப்பிடியா கிடக்கு?” என்று மகனிடம் சண்டைக்குப் போன தாய் உண்டு. தோணியை விடப் பெரிய மீசையைப் பார்த்து “இது நான்தான்” என்று உடனே ஒப்புக்கொண்ட தகப்பனும் உண்டு.

பிறகு பத்து நிமிடப் பாடம். பெற்றாரில் ஒருவர் தனக்குத் தெரிந்த வேலையைப் படிப்பிப்பார். நண்டுக்குக் கால் கட்டுவது எப்படி என்று ஒரு அம்மா படிப்பித்த அன்று, உதவிக்குப் போன எனக்குத்தான் கடி விழுந்தது. இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அது மட்டும் மறந்திருக்காது.

இதையெல்லாம் சொல்லச் சொல்ல ரீச்சர் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் கேட்டார்: “வாசல்ல எப்பிடி வரவேற்கிற சேர்? முதல்ல அதுதானே?”

பிறகு எடுக்கிறேன் மகள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஏன்? அதைத்தான் சொல்ல வந்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். இந்த முறை எங்களிடம் புதுக் கட்டடம் இருந்தது. பெயின்ற் மணம் கூடப் போகவில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நிற்காமல் ஆட்கள் நேரே பள்ளிக்கூடம் வந்தார்கள். பெற்றாரைப் பெரிதாக வரவேற்போம் என்று முடிவெடுத்தோம். கலியாண வீடு மாதிரி வாசல் வைப்போம் – இந்த ஐடியா என்னுடையது.

ஒரு பிள்ளை பன்னீர் தெளிக்கும். ஒரு பிள்ளை பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு நீட்டும். ஒவ்வொரு தாயும் வரும்போது அவருடைய பிள்ளையே முன்னால் வந்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட வேண்டும். தாய் குனிய வேண்டும், பிள்ளை எட்டி வைக்க வேண்டும். அழகான காட்சி இல்லையா? ஒத்திகையிலேயே பிள்ளைகள் ஒருவர் மூக்கில் ஒருவர் குங்குமம் அப்பி, வகுப்பு முழுக்கச் சிவந்து கிடந்தது.

ஒத்திகை முடிந்த பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அப்பா இல்லை. சிலரைக் கடல் கொண்டுபோனது, சிலரைச் சண்டை. புருசன் இல்லாத பெண்ணுக்குக் குங்குமம் நீட்டினால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள்... அந்தப் பெண்ணுக்கும் சங்கடம்... முன்கூட்டியே பார்த்துச் செய்வது நல்லதுதானே? இப்படி எனக்கு நானே நியாயம் சொன்னேன். பட்டம் படித்தவன். பேச்சுப் போட்டிக்குப் பெண் விடுதலை என்று வருடா வருடம் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தவன்.

கொப்பியில் தாய்மாரின் பெயர்களை எழுதினேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இட்டேன். புள்ளி என்றால் சந்தனம் மட்டும்.

தவமணியின் பெயர் வந்தது.

தவமணியின் புருசன் வாவியில் மீன்பிடித் தொழில் செய்தவர். சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒரு நாள் விடிய இறாலுக்குப் போனார். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தவமணி ஏறி இறங்காத கந்தோர் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் உதவி கிடைக்கும் என்று புத்தி சொன்னவர்களிடம், “உசிரோட இருக்கிற மனிசனுக்கு ஆரு சேட்டிபிக்கட் எடுக்கிற?” என்று கேட்டவர். பொட்டு வைத்துக்கொண்டுதான் வெளியே போவார். அதற்கும் ஊரில் ஒரு கதை இருந்தது.

மூன்று வருடம் ஆகிவிட்டதே, இனி எங்கே என்று நினைத்தேன். புள்ளி இட்டேன். பக்கத்தில் இருந்த தேநீர் ஆறுகிற அளவு நேரம் கூட அதற்கு நான் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் புள்ளிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கட அம்மாக்குச் சந்தனம் மட்டும் போதும் என்று சொன்னேன். மற்றப் பிள்ளைகள் தலையாட்டின. தவமணியின் மகள் நிரோஜா மட்டும் நகரவில்லை. தரம் மூன்று, எட்டு வயது.

“எங்கட அம்மா பொட்டு வைக்கிறவதானே சேர்?”

“சொன்னதைச் செய் மகள்” என்றேன்.

செய்தாள். தவமணி நீலச் சேலை உடுத்தி, நேரத்தோடு வந்தார். மகளுக்கு முன்னால் குனிந்தார். சந்தனம் வைத்துவிட்டு மகள் பின்னால் போனாள். தவமணி நிமிரவில்லை. அடுத்ததற்காகக் குனிந்தபடியே காத்திருந்தார். பிறகு குங்குமக் கிண்ணத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, மெதுவாகக் கேட்டார்: “சேர்... கடிதம் ஏதும் வந்ததா?”

எனக்கு விளங்கவில்லை.

“அவர்ட சேதி ஏதும் கந்தோரால உங்களுக்கு வந்ததா சேர்? வந்திருந்தா எனக்கிட்ட மறைக்காதீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கோபப்படவில்லை. அதிபரும் ஊரைப் போலச் சாங்கியம் பார்த்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதிபர் காரணம் இல்லாமல் ஒன்றைச் செய்ய மாட்டார் என்று நம்பினார். தன் புருசன் செத்துப்போன செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது, அதை இப்படித் தெரிவிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

ஒரு வசனம் போதுமாக இருந்தது. பிழை என்னுடையது, மன்னியுங்கள். அவ்வளவுதான். பின்னால் பெற்றார் வரிசையில் நின்றார்கள். கல்விக் கந்தோரிலிருந்து வந்தவர் முன் கதிரையில் இருந்தார்.

நான் சொன்னது இது: “சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்ல. பிள்ளை மறந்திட்டா.”

தவமணிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த வேகத்திலேயே மகளின் கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. நிரோஜா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் அடுத்து வந்தவரைப் பார்த்து, “வாங்க, வாங்க” என்றேன்.

நிகழ்ச்சி பிரமாதம். கந்தோர்க்காரர் பாராட்டினார். புள்ளி இட்ட மற்றத் தாய்மார் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தவமணி அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. அந்த வருட முடிவில் நான் ஓய்வு பெற்றேன், மாலை எல்லாம் போட்டார்கள்.

இரண்டு வருடம் இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ரீச்சர் கேட்ட ஒரு சின்னக் கேள்விதான் அதைக் கிளறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

தவமணி முற்றத்தில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. நிரோஜா உள்ளே புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கதிரை வந்தது, பிளேன்ரீ வந்தது. வழியெல்லாம் நிறைய வசனம் அடுக்கி வைத்திருந்தேன். பிள்ளை மறக்கவில்லை, நான்தான் குங்குமம் வேண்டாம் என்றேன் – இதை மட்டும் சொன்னேன்.

“தெரியும் சேர். அண்டைக்குப் பின்னேரமே சொல்லிட்டாள்.” கை இறாலை விடவில்லை.

“பிறகு ஏன் என்னிட்ட வந்து கேக்கல்ல?”

“நீங்க அதிபர். புள்ள உங்கட பள்ளிக்கூடத்திலதானே படிச்ச.”

பிளேன்ரீயைக் கீழே வைத்தேன்.

“அடிச்சதுக்கு அவளிட்ட நான் அண்டைக்கே மன்னிப்புக் கேட்டுட்டன் சேர். நீங்கதான் இன்னும் கேக்கல்ல.”

நிரோஜாவைக் கூப்பிட்டேன். உயரமாகிவிட்டாள். “அண்டைக்கு நீ மறக்கல்ல மகள். பிழையெல்லாம் என்ர. பொய் சொன்னதும் நான்தான்” என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பிள்ளையிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு.

“ஓம் சேர்” என்றாள். உள்ளே போனாள். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பொலித்தீன் பையோடு திரும்பி வந்தாள். உள்ளே தரம் மூன்றின் முன்னேற்ற அறிக்கை. கடைசிப் பக்கத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினாள். ‘தாயாரின் அக்கறை போதாது. கூட்டங்களுக்கு வருவதில்லை.’ என் கையெழுத்து. எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை.

“அப்ப இதையும் மாத்துவீங்களா சேர்?”

ஓய்வு பெற்றவன் அறிக்கையில் கை வைக்கக் கூடாது. ஒழுங்கு எனக்குத் தெரியும். பேனையை வாங்கி, இரண்டு வரியையும் வெட்டி, பக்கத்தில் ஒப்பம் வைத்தேன். நிரோஜா வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்து ரீச்சருக்குப் போன் எடுத்தேன். வாசலில் பன்னீர், சந்தனம், குங்குமம், பூ, எல்லாவற்றையும் ஒரு மேசையில் வையுங்கள், வருகிறவர் தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கட்டும், நீங்கள் யாருக்கும் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றேன். வராத பெற்றாரைப் பற்றி முறைப்பாடு சொல்ல முதல், அவர்கள் கடைசியாக வந்த அன்று நாம் என்ன செய்தோம் என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டாரா தெரியாது.

இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று தவமணியிடம் முதலே கேட்டிருந்தேன். எழுதுங்க என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்: “அவரக் காணாமப் போனவர் எண்டு மட்டும் எழுதாதீங்க சேர். பேப்பர்ல எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க.”

வேறு எப்படி எழுத என்று கேட்டேன். சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

தவமணியின் புருசன் தொழிலுக்குப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.