சித்தியைக் கூப்பிட்டவர்கள்

கொரோனாக் காய்ச்சல், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தின் எட்டு வீடுகளிலும் நுழைந்து வெளியே போன பிறகுதான் சித்திக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் சித்தி; அம்மாவின் தங்கை. பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். காய்ச்சல் விட்டபின் ஒரு வாரம் அவள் தூங்கவே இல்லை. பிறகு பேச ஆரம்பித்தாள். மலைக்குள்ளே நிறையப் பேர் இருக்கிறார்களாம்; மாறி மாறித் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். அம்மா அழுதாள். சித்தப்பா கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்தார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் பன்னிரண்டு வயதான நான் நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை பெரிய மலை எங்கள் வீட்டு ஆளிடம் பேசுகிறதே என்று பெருமை வேறு.

ஒருநாள் காலை, அம்மா வேலைக்குப் போனதும், சித்தி செருப்புகூடப் போடாமல் கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். தேயிலைக்கு நடுவே ஏறி, பாறை முடிகிற விளிம்பில் போய் நின்றாள். கீழே பள்ளம் முழுக்க மூடுபனி. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"'வா, வா'ன்னு கூப்பிடுதாங்க புள்ள. உனக்குக் கேக்கலையா?"

எனக்குக் காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த அதிசயத்தில் எனக்குப் பங்கில்லை என்பதைத் தாங்க முடியவில்லை. "கேக்குது சித்தி. என் பேரையும் சொல்லுதாங்க" என்று புளுகி, ஓரடி முன்னாலும் வைத்தேன்.

சித்தியின் முகம் மாறியது. என் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தாள். லயம் வரைக்கும் விடாமல் இழுத்துக்கொண்டே ஓடினாள். வாசலில் நின்ற சித்தப்பாவிடம், "என்னைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு மனம் இப்படிக் கலங்குவதுண்டு, மருந்தில் சரியாகும் என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் சரியானது. சித்தி மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். பேச்சும் பழையபடி குறைந்தது. "இப்பக் கூப்பிடலையா சித்தி?" என்று ரகசியமாகக் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். எனக்குத்தான் ஏமாற்றம்.

என் பொய்யைக் கண்டுபிடித்த கோபத்தில்தான் அன்று அப்படி இழுத்தாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தன்னைக் கூப்பிட்டபோது போகத் துணிந்தவள், என்னைக் கூப்பிட்டதும் பயந்துபோனாள்.