திரும்பிப் பார்த்தால் அணையும் விளக்கு

"மொதல்ல பெரியவன், அப்புறம் சின்னவன்" என்று சுவிட்ச் போடும் வரிசையை முணுமுணுத்தபடி கிடாரக்கா மேடையின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெரியவன் என்பது டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருக்கும் ரிசீவர். இரண்டு ஆன்டெனாவையும் கொம்பு மாதிரி விரித்துக்கொண்டிருக்கும். சின்னவன், அக்கா இடுப்பின் பின்புறம் பெல்ட்டில் செருகிக்கொள்ளும் டிரான்ஸ்மிட்டர். கிடார் ஒலியைச் சின்னவன் காற்றில் அனுப்ப, பெரியவன் அதைப் பிடித்து ஸ்பீக்கருக்குத் தர வேண்டும். இரண்டிலும் ஒரே சேனல் எண் தெரிய வேண்டும். தெரிகிறது. ஆனாலும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. "ரெண்டுலயும் எட்டுதான் தம்பி காட்டுது. ஆனா ரெண்டும் ஒரே எட்டுதானா?" என்று என்னைக் கேட்கிறார்.

நான் இந்த இசைக்குழுவின் அறிவிப்பாளன். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டால் அது முடியும்வரை எனக்கு வேலை கிடையாது. மேடை ஓரத்தில் நின்று மற்றவர்களை வேடிக்கை பார்ப்பேன். அதில் பாதி நேரம் அக்காவைத்தான் பார்ப்பேன்.

பகலில் அவர் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறார். "வலிக்கவே வலிக்காது, கண்ணை மூடிக்கோங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிற ஆள், மேடைக்கு வந்தால் மட்டும் தைரியத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார். பேட்டரிகளைப் பஞ்சு டப்பாவில் வைத்திருக்கிறார். எது புதிது, எது தீர்ந்தது என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிட முடியும் என்று நம்புகிறார். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

வயர் இருந்த காலத்தில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். வாசித்துக்கொண்டே மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். முன்னால் அடி வைப்பதற்குமுன் வலது குதிகாலால் வயரைச் சட்டென்று பின்னால் ஒதுக்கிவிடுவார். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அக்கா தடுக்கி விழுந்ததே இல்லை. எங்கள் பாடகர்தான் விழுந்தார், மைக்கோடு, முன்வரிசைக்காரர் மடியில். அன்றே லீடர், "இனிமே மேடையில எவன் வயரும் தரையில கெடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் பெரியவனும் சின்னவனும் வந்தார்கள். சின்னவனிலிருந்து கிடாருக்குப் போகும் முழ நீளத் துண்டு வயரைப் பார்த்து அக்கா கேட்டார்: "வயரே இல்லைன்னாங்க, இது என்னவாம்?"

வயர் போனதும் அவர் இன்னும் தாராளமாக நடப்பார் என்று நினைத்தோம். நடந்தது தலைகீழ். கட்டிப்போட்ட மாதிரி ஒரே இடத்தில் நின்றார். காரணம், பெரியவனின் முகத்தில் இருக்கும் பச்சை விளக்கு. அது எரிந்தால் ஒலி போகிறது என்று அர்த்தம். வாசித்துக்கொண்டே, எரிகிறதா என்று உடம்போடு திரும்பிப் பார்ப்பார். பார்த்த நொடியில் அது அணைந்துவிடும். கிடாரும் ஊமையாகிவிடும். பதறிப்போய் முன்னால் திரும்புவார், ஒலி வந்துவிடும். நிஜமாகவே வந்ததா என்று மறுபடி திரும்புவார். போச்சு.

"நான் பாக்காதப்போ எரியுது தம்பி. பார்த்தா அணையுது. அதுக்கு என்மேல என்ன கோபம்?"

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டிரம்ஸ்காரர் சேனலை மாற்றச் சொன்னார். பாடகர், எல்லோரும் செல்போனை அணைக்க வேண்டும் என்றார். நான், புத்தி இல்லாமல், ஆன்டெனாவைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன். சவுண்ட்காரர் தன் மிக்ஸரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையை விரித்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது எங்களுக்கு.

லீடருக்குப் பொறுமை போய்விட்டது. கீபோர்டு வாசிப்பவர் அவர். அதில் கிடார் ஓசையும் உண்டு. "இங்க பாரும்மா. அடுத்த புரோகிராம்ல ஒரு தடவை கட் ஆனாலும், கிடார் பிட்டை நானே இதுல வாசிச்சுக்கிறேன். அதுக்கப்புறம் நீ சிரமப்பட வேணாம்." அக்கா பஞ்சு டப்பாவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார்.

கண்டுபிடித்தவர் அவர் கணவர். பஸ் டிரைவர். ஒத்திகைக்கு மனைவியைக் கூட்டிப் போக வந்தவர், நாற்காலியில் சாய்ந்தபடி கொட்டாவிக்கு நடுவில் சொன்னார்: "நீ திரும்பும்போதுதாம்மா போகுது. சாமான் உன் முதுகுல இருக்கு. நீ அந்தப் பக்கம் திரும்பினா, அதுக்கும் இதுக்கும் நடுவுல நீ நிக்கிற."

சவுண்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆமாக்கா. உடம்பு பூரா தண்ணிதானே, சிக்னலைக் குடிச்சிடும்."

அத்தோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து அக்கா மேடை ஏறும் நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சின்னவனை முன்பக்கம் செருகச் சொன்னால், "அப்போ நேரா நிக்கும்போது குடிக்குமே" என்று மடக்கினார். அதுவும் நியாயம்தான். திரும்பாமல் இருந்தால் போதும் என்றால், "பாக்காம எப்படிங்க இருக்கிறது?" என்று கணவரிடம் திரும்பினார்.

"பின்னாடி வர்ற லாரிய நான் திரும்பியா பாக்கிறேன்? கண்ணாடில பாரு" என்றார் அவர்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. அக்கா வந்ததும் வராததுமாக, பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற காம்பு வைத்த வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து நோட்ஸ் ஸ்டாண்டில் பிளாஸ்திரியால் ஒட்டினார். காசு அகலம்தான் இருக்கும். அதற்குள் பச்சை விளக்கு ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த அம்மாக்கள், பாட்டுக்குப் பாட்டு முகம் பார்க்கிறாளே என்று முகவாயில் கைவைத்தார்கள். ஒருமுறைகூட ஒலி அறுபடவில்லை.

கடைசிப் பாட்டைத் தொடங்கிவைப்பது கிடார்தான், தனியாக, நெடுநேரம். லீடர் கீபோர்டின் கட்டைகள்மேல் விரல்களைத் தயாராகத் தொங்கவிட்டிருந்தார். நான் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கினேன். அக்கா ஆரம்பித்தார். பக்கவாட்டில் சுழன்ற மின்விசிறிக் காற்றில் பிளாஸ்திரி மெல்ல விட்டுக்கொடுத்தது. கண்ணாடி தலை கவிழ்ந்து திரும்பியது. இனி அதில் அக்காவின் பல்வரிசைதான் தெரியும். சரிசெய்ய அவருக்குக் கை ஒழியவில்லை.

அவர் கழுத்து திரும்பத் தொடங்கியதைப் பார்த்தேன். வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். கழுத்து பாதியில் நின்றது. ஸ்பீக்கரில் கிடார் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் அது தன் காதில் விழுந்தது போல அக்கா முகத்தைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார். பிறகு முழங்காலால் ஸ்டாண்டை ஓரம் தள்ளினார். லீடர் விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா வலது குதிகாலால், அங்கே இல்லாத வயரைச் சட்டென்று பின்னால் ஒதுக்கிவிட்டு, மேடையின் நுனியை நோக்கி நடந்தார்.