சீதனமாக வந்த பார்

வீடு, காணி, நகை என்று எனக்கு எதுவும் சீதனமாக வரவில்லை. ஹெந்தளையில் மாமனாரிடம் இருந்தது ஒரு வள்ளமும் ஒரு பாரும்தான். பார் என்றால் கடலுக்கடியில் மறைந்து கிடக்கும் கல். மீன் அதைச் சுற்றித்தான் மேயும். எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்று மீன்காரன் அடுத்தவனுக்குச் சொல்ல மாட்டான். கலியாணம் முடிந்த கிழமை மாமா என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கொட்டாஞ்சேனை வேதக்கோயிலின் குவிமாடமும் ஓட்டுத் தொழிற்சாலையின் புகைபோக்கியும் ஒரே நேராக வந்த இடத்தில் துடுப்பை நிறுத்தினார்.

"இதான் மருமகன் உன்ர சீதனம். பொஞ்சாதிக்கும் சொல்லாத."

அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொன்னேன்.

அப்போது நான் துறைமுகத்தில் ஆழம் பார்க்கிற படகில் வேலை. ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, எத்தனை பாகம் என்று கத்த வேண்டும்; ஒரு பாகம் என்றால் ஆறடி. குண்டின் அடியில் ஒரு குழி. அதில் மாட்டுக் கொழுப்பை அப்பிவிட்டால் மணலோ சேறோ சிப்பியோ ஒட்டிக்கொண்டு வரும். படகுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை அதைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவான். அந்த நாற்றம் சவர்க்காரம் போட்டாலும் போகாது. என் மனைவி சோற்றை வைத்துவிட்டு எட்டத்தான் உட்காருவாள். அது கிடக்கட்டும்.

துரை நேவிக்காரன். பதின்மூன்று வயதில் கப்பலேறியவன். சீனக்கடல் பார்த்தவன். பெரிய சண்டையில் கப்பல் மூழ்கி, பனித்தண்ணீரில் கிடந்து இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். மிச்ச மூன்று விரலால் டின் மீனைத் திறந்து எங்களுக்கும் தருவான். அதில்தான் நான் ஏமாந்தேன்.

ஒரு கப்பலின் அடி எதிலோ உரசியதாம். கல்லைத் தேட எங்களை அனுப்பினார்கள். பதினொரு நாளும் மணல்தான். அது மாமாவின் பார்தான் என்று எனக்குத் தெரியும், காட்டிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அரைகுறைத் தமிழில் சொன்னான்:

"கல் இல்லை, என் வேலையும் இல்லை. ஊரில் எனக்கு வீடும் இல்லை."

"கல்லக் காட்டினா என்ன செய்வீங்க, துரை?"

"கடல் படத்தில் ஒரு புள்ளி. கப்பல் தள்ளிப் போகும்."

"மீன்காரருக்கு?"

"ஒன்றும் ஆகாது. என் வார்த்தை."

குவிமாடத்தையும் புகைபோக்கியையும் நேருக்குக் கொண்டுவந்து குண்டை இறக்கினேன். நாலு பாகத்தில் நின்றது. கொழுப்பில் சிவப்புப் பவளமும் பாசியும். துரை என் தோளில் தட்டிச் சிரித்தான்.

கடல் படம் வந்தபோது துறைமுக ஆபீஸ் கிளார்க் ஐயா விரலை வைத்துக் காட்டினார். பாருக்குத் துரையின் பெயர். மாமாவின் பாட்டன் காலத்திலிருந்து அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஒருவனும் கேட்கவில்லை. பெயர்தானே போகட்டும், கல் அங்கேதானே இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு கப்பல் வழியை ஆழமாக்க என்று அதே கல்லுக்கு வெடி வைத்தார்கள். கொடி காட்டியவன் துரை. தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. சுற்றிலும் கலவாய் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"துரை, அண்டைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"மேலிடத்து ஓடர். குண்டைப் போடு."

போட்டேன். ஒன்பது பாகம். கொழுப்பில் வெறும் வெள்ளைத் தூள். அதை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இத என்னண்டு எழுதப் போறீங்க?"

"உடைந்த பவளம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். குண்டைக் கயிற்றோடு கடலில் எறிந்தேன். வேலை அன்றோடு சரி.

ஹெந்தளைக்குப் போனபோது மீன் கரையெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது. மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்க மருமகன். உங்கட சீதனம் கரைக்கே வந்திட்டுது. அள்ளுங்க."

நான் அசையவில்லை. அவரே ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டுபோய், வீட்டு வாசலில் நின்ற என் மனைவியின் காலடியில் கொட்டினார். தனக்குத் தந்த சீதனம் எதுவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.